பெயரும் பட்டமும் – 9: சீசரும் சம்புவராயரும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய ரேஷன் கார்டு கிடக்கிறது. சர்க்கரையும் பாமாயிலும் மண்ணெண்ணெயும் வாங்கிய கட்டங்களில் மை மங்கிப்போய்விட்டது. தலைப்பில் இருக்கும் மாவட்டப் பெயர் மட்டும் இன்னும் பளிச்சென்று தெரிகிறது: திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். 1989 செப்டம்பர் 30 அன்று பழைய வட ஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். வேலூர்ப் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. ஆரணியும் செய்யாறும் வந்தவாசியும் போளூரும் சம்புவராயர் பங்குக்கு வந்தன.

அப்பா தறிக்காரர். அந்தக் கார்டு கைக்கு வந்த அன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்பேத்கர் தெரியும். இந்தச் சம்புவராயர் யாருடா? ஆள் பேரா, சாதிப் பேரா, பட்டமா?” என்றார். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். எனக்குத் தெரிந்த சம்புவரையர் ஒருவர்தான். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் கடம்பூர் மாளிகையில் இருப்பவர், கந்தமாறனின் தகப்பனார். அதைச் சொன்னேன். “அது கதைடா” என்று சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கிவிட்டார்.

அவர் கேட்டது எத்தனை சரியான கேள்வி என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. மூன்றில் எது என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத பெயர் அது. சென்ற வாரம் வாலாஜாவைப் பார்த்தோம். டில்லி பாதுஷா ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குக் கொடுத்த பட்டம் ஒரு வம்சத்தின் பெயராகி, அப்புறம் பேட்டைக்கும் சாலைக்கும் பெயரான கதை. இந்த வாரம் எதிர்த்திசையில் போகிறோம். ஒரு வீட்டுப்பெயர் பட்டமான கதை. இதில் உலகத்துக்கே பெரிய உதாரணம் சீசர்தான். ஆனால் ரோமாபுரிக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால் படவேட்டுக்கு ஒரு பஸ் பிடித்துவிட்டு வருவோம்.

ஆரணியை ஒட்டி ஓடுவது கமண்டல நாகநதி. (ஓடுவது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான்.) ஆற்றை எதிர்த்து மேற்கே போனால் ஜவ்வாது மலையடிவாரத்தில் படவேடு. இன்று அந்த ஊர் என்றால் ரேணுகாம்பாள் கோயில், ஆடி மாதத்துக் கூட்டம். ஊர்ப்பெயரைப் பிரித்தால் படைவீடு, படை தங்கிய இடம். பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகரம்.

அந்தக் குடும்பத்தின் சொந்தப் பெயர் சம்புவராயர் அல்ல, செங்கேணி. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘செங்கேணி அம்மையப்பன் சம்புவராயன்’ என்கிற மாதிரி வரும். செங்கேணி என்பது வகையறா. அம்மையப்பன் ஆளின் பெயர். கடைசியில் நிற்கிற சம்புவராயன் பட்டம். சம்பு என்றால் சிவன். ராயன் என்றால் அரையன், அரசன். தொண்டை மண்டலத்தில் சோழனுக்காகப் படை திரட்டி, ஊர்க்காவல் பார்த்து, வரியில் தங்கள் பங்கையும் எடுத்துக்கொண்ட சிற்றரசர்கள் இவர்கள். சோழ ராஜா தன் பெயரையே முன்னால் ஒட்டிக் கொடுப்பதும் உண்டு. விக்கிரமசோழச் சம்புவராயன், குலோத்துங்கசோழச் சம்புவராயன் என்று. மேலே ராஜா மாறினால் முன்னொட்டு மாறும், பின்னால் இருப்பது அப்படியே நிற்கும்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஆர்ப்பாக்கம் என்றொரு ஊர். இரண்டாம் ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது, 1170-ஐ ஒட்டியது. பாண்டிய நாட்டு வாரிசுச் சண்டையில் தலையிட்டு இலங்கைப் படை இறங்கியிருந்த நேரம். சோழர் படையோடு போனவர்களில் எதிரிலிசோழச் சம்புவராயனின் மகனும் ஒருவன். தகப்பனுக்குக் கலக்கம். இலங்கைப் படை வடக்கே வந்துவிட்டால் என்ன ஆவது என்று உமாபதி தேவர் என்ற சைவ ஆசாரியரிடம் போய் முறையிடுகிறார். அவர் 28 நாள் பூஜை செய்கிறார். வெற்றிச் செய்தி வருகிறது. மகிழ்ச்சியில் ஆர்ப்பாக்கத்தையே அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார் சம்புவராயன்.

மகனைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தூங்காமல் கிடந்த ஒரு தகப்பனைக் கல்லில் பார்ப்பது அபூர்வம். அதற்காகவே எனக்கு இந்தக் கல்வெட்டைப் பிடிக்கும். ஆனால் நம் விஷயத்துக்கு வேண்டியது அந்த மகனின் பெயர். தகப்பன் சம்புவராயன், மகன் பல்லவராயன். ஒரே வீட்டில் இரண்டு பட்டம். இன்று ஒரே வீட்டில் ஒருவர் தாசில்தாராகவும் மகன் இன்ஸ்பெக்டராகவும் இருப்பதைப்போல. அதாவது 1170 வாக்கில் சம்புவராயன் என்பது இன்னும் முழுசாக வீட்டுப்பெயர் ஆகிவிடவில்லை. தலைமுறைகள் போகப்போகத்தான் அது உறைந்தது. செங்கேணி தேய்ந்து பின்னால் போய், வம்சமே சம்புவராயர் வம்சம் என்றானது. பட்டம் பெயராகிவிட்டது. சீசரின் கதையைத் தலைகீழாகப் பிடித்தால் இதுதான்.

இனி ரோம்.

ரோமானியப் பிரபுக்களுக்கு மூன்று அடுக்குப் பெயர். காயஸ் ஜூலியஸ் சீசர் என்றால் காயஸ் அவர் பெயர். ஜூலியஸ் குலத்தின் பெயர். சீசர் அந்தக் குலத்துக்குள் ஒரு கிளையின் பெயர். ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘எந்த வகையறா?’ என்று கேட்டால் வருகிற பதில்தான் அந்த மூன்றாவது பெயர். சௌராஷ்டிரர்களிடம் இன்றும் வீட்டுப்பெயர் புழக்கத்தில் இருக்கிறது.

அந்தக் கிளைக்கு சீசர் என்ற பெயர் எப்படி வந்தது என்று ரோமானியர்களுக்கே தகராறு. அடர்ந்த தலைமுடியோடு பிறந்த மூதாதை என்றார்கள் சிலர். (நமக்குத் தெரிந்த சீசருக்கு வழுக்கை. அதை மறைக்கத்தான் இலை மகுடத்தை விரும்பி வைத்துக்கொண்டார் என்று சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார்.) நீலமும் சாம்பலும் கலந்த கண் என்றார்கள் வேறு சிலர். வட ஆப்பிரிக்க மூர்கள் மொழியில் யானைக்கு அப்படி ஒரு சொல் உண்டு, யானையைக் கொன்ற மூதாதை ஒருவன் இருந்தான் என்று இன்னொரு கட்சி. சீசரே வெளியிட்ட வெள்ளிக் காசு ஒன்றில் யானை உருவம் போட்டுக் கீழே தன் பெயரைப் பொறித்திருப்பதால் இந்தக் கட்சிக்குக் கொஞ்சம் பலம். நாலாவது கதைதான் நம் ஊர் ஆஸ்பத்திரி வரை வந்திருக்கிறது: தாய் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்ட பிள்ளை என்பது. அதனால்தான் ‘சிசேரியன்’ என்பார்கள். ஜூலியஸ் சீசர் அப்படிப் பிறந்திருக்க முடியாது. அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்தால் தாய் பிழைப்பதில்லை; அவருடைய தாய் ஔரேலியாவோ மகனுக்கு நாற்பது வயது தாண்டும் வரை, கி.மு. 54 வரை உயிரோடு இருந்தார். தவிர, பெயர் அவருக்கு முன்பே இருந்தது. கி.மு. 208-இல் நீதிப் பதவி வகித்த செக்ஸ்டஸ் ஜூலியஸ் சீசர் என்பவர்தான் பதிவில் தெரிகிற முதல் ஆள்.

ஆக, சுமார் நூற்றறுபது வருஷம் இது ஒரு சாதாரண வீட்டுப்பெயர்.

கி.மு. 44 மார்ச் 15 அன்று செனட் சபையில் சீசரைக் குத்திக் கொன்றார்கள். உயிலைப் பிரித்தால், அக்காள் தங்கை வழிப் பேரன் உறவான பதினெட்டு வயது ஆக்டேவியஸைச் சுவீகாரம் எடுத்திருந்தார். பையன் ஊர் திரும்பும்போதே தன்னைக் காயஸ் ஜூலியஸ் சீசர் என்று சொல்லிக்கொண்டான். கூட வந்தவர்கள் அவனைச் சீசர் என்று கூப்பிடுகிறார்கள், மாற்றாந்தகப்பன் அப்படிக் கூப்பிடவில்லை, அதனால் நானும் கூப்பிடமாட்டேன் என்று சிசரோ அந்த ஏப்ரலில் நண்பருக்கு எழுதினார். பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதே அரசியலாகிவிட்டது. இந்தப் பொடியனிடம் இருப்பதெல்லாம் ஒரு பெயர்தான் என்று ஆன்டனி ஏளனம் செய்தான். உண்மைதான். ஆனால் செத்துப்போன சீசரின் சிப்பாய்கள் அந்தப் பெயருக்குத்தான் வாள் எடுத்தார்கள்.

சுவீகாரம் என்பதை ரோமானியர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று புரிய எங்கள் தறியையே காட்டலாம். ஒரு பாவு தீரப்போகும்போது பழைய இழைகளை அச்சிலிருந்தும் விழுதிலிருந்தும் உருவிப் போட்டுவிட மாட்டோம். நுனியை அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய இழையின் நுனியோடு விரலால் முறுக்கிச் சேர்ப்போம். பிணைப்பது என்று பெயர். ஆயிரக்கணக்கான இழை, இடுப்பு கழன்றுவிடும். பிணைத்து முடித்துப் பழைய நுனியை இழுத்தால் புதுப் பாவு தானாக அச்சுக்குள் வந்து நிற்கும். பழைய பாவா புதுப் பாவா என்று அச்சுக்குத் தெரியாது. ரோமச் சட்டத்தில் சுவீகாரப் பிள்ளை அப்படித்தான். ரத்தமா தத்தா என்று யாரும் பேதம் பார்ப்பதில்லை.

ஆனால் ஒரே பெயரில் இரண்டு பாவு ஓட முடியாது. ஜூலியஸ் சீசருக்கும் கிளியோபாட்ராவுக்கும் பிறந்தவன் என்று சொல்லப்பட்ட சிசேரியன் எகிப்தில் இருந்தான். சீசர்கள் கூடிப்போவது நல்லதில்லை என்று ஆலோசனை கிடைத்ததாம். கி.மு. 30-இல் அவனைத் தீர்த்துக்கட்டினார்கள். மூன்று வருஷம் கழித்து ஆக்டேவியஸுக்குச் செனட் சபை அகஸ்டஸ் என்ற பட்டம் தந்தது. அப்போதும் சீசர் அவருக்குப் பெயர்தான். அவர் சுவீகாரம் எடுத்த பேரன்கள் காயஸும் லூசியஸும் சீசர்கள். இருவரும் இளவயதில் இறந்துபோக, கி.பி. 4-இல் டைபீரியஸைப் பிணைத்தார். டைபீரியஸ் தன் தம்பி மகன் ஜெர்மானிகஸைப் பிணைத்தார். ஜெர்மானிகஸின் மகன் கலிகுலா. இதுவரை இழை அறுபடவில்லை.

கி.பி. 41 ஜனவரி 24. கலிகுலாவை மெய்க்காவலர்களே வெட்டிப் போட்டார்கள். அரண்மனையில் திரைக்குப் பின்னால் பயந்து ஒளிந்திருந்த ஒரு ஐம்பது வயது மனிதரின் கால் ஒரு சிப்பாயின் கண்ணில் பட்டது. இழுத்து வெளியே கொண்டுவந்தால் கலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸ். திக்குவாய், நொண்டல், குடும்பமே ஒதுக்கிவைத்திருந்த ஆள். சிப்பாய்கள் அவரையே பேரரசர் ஆக்கினார்கள். தலைக்குப் பதினைந்தாயிரம் செஸ்டர்ஸ் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அடுத்து அவர் செய்த காரியத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சீசர் என்ற பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

அவருக்கு அந்த உரிமை இல்லை. அவருடைய அண்ணன் ஜெர்மானிகஸைச் சீசர் குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்திருந்தார்கள், இவரைக் கொடுக்கவில்லை. தாய் வழியில் அகஸ்டஸின் சகோதரி பேரன், அவ்வளவுதான். பழைய நுனியும் புது நுனியும் அக்கம்பக்கம் கிடந்தன, முறுக்குதான் விழவில்லை. யாரும் கேட்கவுமில்லை. சிப்பாய்களுக்குச் சம்பளம் தருகிறவர் சீசர். சம்பளம் தருகிறவர் இவர். ஆகவே இவர் சீசர். சரித்திரப் புத்தகங்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடும். எனக்கு இந்த ஒரு வரிதான் முழுக் கதையும்.

அப்படியும் கிளாடியஸ் உறவுக்காரர். கி.பி. 68 ஜூனில் நீரோ தற்கொலை செய்துகொண்டதும் அந்த உறவும் அறுந்தது. அடுத்து வந்த கால்பாவுக்கு அந்தக் குடும்பத்தோடு ரத்தமும் இல்லை, தத்தும் இல்லை. வந்ததும் சீசர் ஆனார். பிஸோ என்ற வாலிபனைத் தத்தெடுத்து அவனையும் சீசர் ஆக்கினார். சில நாளில் இருவர் தலையும் போயிற்று. அந்த ஒரு வருஷத்துக்குள் நாலு பேரரசர்கள். அவர்களில் விட்டெல்லியஸ் மட்டும் சீசர் என்ற பெயரே வேண்டாம் என்று ஒதுக்கியவர். எதிரிப் படை ரோமை நெருங்கியபோது பயம் பிடித்து, அந்தப் பெயருக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று நம்பி, ‘என்னைச் சீசர் என்று கூப்பிடுங்கள்’ என்றார். தோற்றுக்கொண்டிருந்த ஒருவர் தாயத்துக் கட்டிக்கொள்கிற மாதிரி. கட்டியும் பிழைக்கவில்லை.

ஜெயித்தவர் வெஸ்பாசியன். அவருடைய தகப்பன் வரி வசூல் செய்தவர், பிறகு வட்டிக்குக் கொடுத்தவர். ஜூலியஸ் குலத்துக்கும் அவருக்கும் எந்தத் திசையிலும் ஒட்டுறவு கிடையாது. வேறு தறி, வேறு பாவு, வேறு ஊர். கி.பி. 69-இல் அவருடைய சிப்பாய்கள் அவரைச் சீசர் என்று வாழ்த்தினார்கள். மகன்கள் டைட்டஸும் டொமிஷியனும் சீசர்கள் ஆனார்கள். அதன்பின் யாரும் ‘எந்த வகையறா?’ என்று கேட்கவில்லை. கேட்கும் கேள்வி ‘யார் சீசர்?’ என்று மாறிவிட்டது. வீட்டுக்காரர்கள் எல்லோரும் செத்து, வீட்டுப்பெயரை அந்நியர் எடுத்து மாட்டிக்கொண்ட அந்த வருஷத்தில்தான் அது பட்டம் ஆனது.

இந்தச் சங்கதிகள் நடந்துகொண்டிருந்தபோது தமிழ்நாட்டுக்கு அந்தப் பெயர் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் விலையாக வந்த காசுகளில் அகஸ்டஸும் டைபீரியஸும் அடித்தவையே மிக அதிகம். கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த புதையலில் 522 வெள்ளிக் காசுகள். புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் கிடைத்ததில் 501 பொற்காசுகள். அகஸ்டஸ் காசு ஒன்றை எடுத்தால் முன்பக்கம் அவர் தலையைச் சுற்றி சீசர் என்ற ஆறெழுத்து. பின்பக்கம் கேடயத்தோடும் ஈட்டியோடும் இரண்டு பையன்கள். சாகப்போவது தெரியாமல் நிற்கிற காயஸும் லூசியஸும். அவர்களுக்குக் கீழே ‘சீசர்கள்’ என்று பன்மையில். ஒரே காசில் தாத்தா பெயரும் பேரன்கள் பெயரும். அந்தக் காசு அடித்தபோது அது இன்னும் குடும்பப் பெயர்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் வியாபாரிகள் அந்த ஆறெழுத்தை வாசித்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு எடைதான் கணக்கு. புதுக்கோட்டைப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் சீசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. உள்ளே பொன்தானா என்று பார்க்க என்பார்கள் சிலர், மறுபடி காசாகச் செல்லாதபடி செய்ய என்பார்கள் சிலர். எதற்காக இருந்தாலும், உலகம் நடுங்கிய முகம் இங்கே நகாசுக் கடைச் சரக்கு.

வடக்கே வேறு மாதிரி. இன்றைய பாகிஸ்தானில் அட்டாக் பக்கத்தில் ஆரா என்ற இடத்தில் கிணறு வெட்டியதைச் சொல்லும் கரோஷ்டிக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. குஷாண அரசன் கனிஷ்கன் பெயரில் உள்ளது. பெஷாவரில் இருந்த பெரிய கனிஷ்கனுக்குப் பின்வந்த ஒருவன். அதில் அவனுக்கு நாலு பட்டங்களை வாசித்திருக்கிறார்கள். மகாராஜன், இது நம் நாட்டுச் சரக்கு. ராஜாதிராஜன், இது பாரசீகத்து வழக்கம். தேவபுத்திரன், சீனப் பேரரசரின் ‘வானத்தின் மகன்’. நாலாவது, கைசரன். நாலு திசை ராஜாக்களையும் ஒருவனே விழுங்கிவிட்டதாக ஒரு கல். சீசர் குடும்பம் அழிந்த பிறகு, ரோமச் சிப்பாய் ஒருவன்கூடக் கால் வைக்காத நாட்டில், அது பட்டமாகப் புழங்கிவிட்டது. ‘சீசர்’ என்பது நமக்கு ஆங்கிலேயன் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பு. லத்தீனில் அது கைசர். அந்தக் கிணற்றடிக் கல்லை வெட்டியவன் காது நம் காதைவிடத் துல்லியம்.

பட்டமாகிவிட்ட பிறகு எல்லாப் பட்டங்களுக்கும் நேர்கிற கதி அதற்கும் நேர்ந்தது, விலை குறைந்தது. ஹேட்ரியன் 136-இல் தன் வாரிசுக்கு அதைக் கொடுத்தபோது மூத்தவர் அகஸ்டஸ், இளையவர் சீசர் என்று ஆனது. 293-இல் டயோக்ளீஷியன் ராஜ்ஜியத்தைப் பங்குபோட்டு இரண்டு அகஸ்டஸ், இரண்டு சீசர் என்று வைத்தார். கான்ஸ்டான்டிநோபிளில் அது அரண்மனை உறவினர்களுக்குத் தரும் பதவிகளில் ஒன்றாகி, பிறகு அதற்கும் மேலே புதிய பதவி முளைத்தது. ஆனால் வெளியூர்களில் மவுசு குறையவில்லை. பல்கேரியர்கள் ஜார் என்றார்கள். 1453-இல் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த துருக்கி சுல்தான் மெஹ்மத் தன்னை ரோமின் கைசர் என்றார். 1547-இல் மாஸ்கோவின் நாலாம் இவான் ஜாராக முடிசூடினார். 1871 ஜனவரியில் பிரஷ்ய அரசர் ஜெர்மனியின் கைசர் ஆனார். கடைசி பல்கேரிய ஜாரான சிமியோன் சிறுவனாக இருந்தபோது, 1946-இல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். 2001-இல் திரும்பி வந்து தேர்தலில் நின்று பிரதமரே ஆனார். அதற்கு அவருக்கு ஒரு குடும்பப் பெயர் வேண்டியிருந்தது; சாக்ஸ்கோபர்கோட்ஸ்கி என்று வைத்துக்கொண்டார். சீசர் என்ற பட்டத்தில் பிறந்தவர் ஓட்டுக் கேட்க வீட்டுப்பெயர் தேடிய வேடிக்கை இது.

நமக்கும் ஒரு கைசர் இருந்தார். பெண் கைசர். 1876-இல் லண்டன் பாராளுமன்றம் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி ஆக்கச் சட்டம் போட்டது. அதை இந்திய மொழிகளில் எப்படிச் சொல்வது? பாதுஷா என்றால் மொகலாயர் நினைவு வரும். மகாராணி என்றால் ஊருக்கு ஒருத்தர் இருக்கிறார். லாகூரில் இருந்த மொழி வல்லுநர் லைட்னர் ‘கைசர்-இ-ஹிந்த்’ என்று யோசனை சொன்னார். பாரசீகம், அரபு, உருது அறிந்தவர்களுக்குப் பழகிய சொல். 1877 ஜனவரி 1 அன்று டில்லி தர்பாரில் வைஸ்ராய் லிட்டன் அதை முழங்கினார். அதே ஜனவரியில் சென்னை ராஜதானி தாது வருஷப் பஞ்சத்தில் கிடந்தது. எங்கள் வட ஆற்காடும் அதில் அடக்கம். ரூபாயில் ‘விக்டோரியா ராணி’ என்று இருந்தது ‘விக்டோரியா பேரரசி’ என்று மாறிற்று. அந்த ரூபாய்க்கு அரிசி கிடைத்தால் அல்லவா!

அந்தப் பெயரில் பதக்கமும் கொடுத்தார்கள். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் வேலூரில் 1900-இல் ஒற்றைக் கட்டில் வைத்து வைத்தியம் தொடங்கிய ஐடா ஸ்கடருக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கிடைத்தது. காந்திக்கும் 1915-இல் கிடைத்தது; ஒத்துழையாமை தொடங்கிய 1920-இல் திருப்பி அனுப்பிவிட்டார். 1948 ஜூன் 22 அன்று ஆறாம் ஜார்ஜ் இந்தியாவின் பேரரசர் என்ற பட்டத்தைக் கைவிட்டார். சிசேரியன் அறுவையையும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களையும் தவிர, அந்தக் குடும்பம் நம் ஊரில் விட்டுச்சென்றது வேறொன்றும் இல்லை.

படவேட்டில் பாதியில் விட்டுவந்தோம்.

1279-இல் சோழர் கதை முடிந்தது. பாண்டியர்களுக்குக் கீழே கொஞ்ச காலம். 1311-இல் மாலிக் காபூர் படை தெற்கே வந்துபோன குழப்பத்தில் மேலே யாருமில்லாமல் போயிற்று. சம்புவராயர்கள் நிமிர்ந்தார்கள். அதுவரை அவர்கள் கல்வெட்டில் சோழ ராஜாவின் ஆட்சியாண்டு முதலில் வரும், இவர்கள் பெயர் பின்னால். இப்போது தங்கள் ஆட்சியாண்டையே போட்டார்கள். கோயில் கல்லில் அது சின்ன மாற்றம். அரசியலில் அதைவிடப் பெரிய அறிவிப்பு இல்லை. ஒருவர் ‘வென்றுமண்கொண்டான்’ என்று பெயர் சூடினார். அவருக்குப் பின் ராஜநாராயணன். இருவரும் போட்டுக்கொண்ட பட்டம் ‘சகலலோகச் சக்கரவர்த்தி’. சகல லோகம் என்பது நடைமுறையில் தொண்டை மண்டலம். சிரிக்க வேண்டாம், தலைக்குமேல் யாரும் இல்லாத முதல் தலைமுறைக்கு அது அப்படித்தான் தெரிந்திருக்கும்.

எனக்கு உறுத்துவது ஒன்று. இவர்கள் சக்கரவர்த்தி என்ற சொல்லை வேறிடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இவர்களுடைய சொந்தப் பெயரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1360-ஐ ஒட்டி விஜயநகரத்து புக்கராயரின் மகன் குமார கம்பணர் படையோடு தெற்கே இறங்கி, ராஜகம்பீரன் மலைக்கோட்டையை முற்றுகையிட்டுச் சம்புவராயரை வீழ்த்தினார். கம்பணரின் மனைவி கங்காதேவி ‘மதுரா விஜயம்’ என்ற வடமொழிக் காவியத்தில் அந்தப் போரைப் பாடியிருக்கிறார். ஜெயித்த கம்பணர் தொண்டை மண்டலத்தை ஆண்டார், கோயில்களுக்குக் கொடுத்தார், மதுரை வரை போனார். ஆனால் தன்னைச் சம்புவராயர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொண்டிருந்தால், அவருக்குப் பின் வந்தவரும் சொல்லியிருந்தால், இந்த வட்டாரத்தில் ராஜாவுக்கே சம்புவராயர் என்று பெயராகியிருக்கும். வெஸ்பாசியனுக்குத் தோற்றவரின் பெயர் தேவைப்பட்டது. கம்பணருக்குத் தேவைப்படவில்லை, ராயர், உடையார் என்று கையிலேயே பட்டம் வைத்திருந்தார்.

அப்புறம் அறுநூறு வருஷம் கழித்துத்தான் ஒரு அரசாணை அந்தப் பெயரைத் தூசி தட்டி எடுத்தது. எட்டு வருஷம் ஓடியது. பள்ளிக்கூடச் சான்றிதழ், பஸ் பெர்மிட், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் சம்புவராயர். 1997-இல் பெயர்களை வைத்து எழுந்த சாதிச் சண்டைகளுக்குப் பின் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்களை மொத்தமாக நீக்கினார்கள். பெரியார் மாவட்டம் ஈரோடு ஆனது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆனது. அம்பேத்கர் போய் வேலூர். எங்கள் அடுத்த ரேஷன் கார்டில் வெறும் திருவண்ணாமலை.

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவர் தறிக்குழியில் இறங்குவதில்லை, முழங்கால் ஒத்துழைப்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளாடியஸ் திரைக்குப் பின்னால் ஒளிந்த இடத்தில் சிரித்தார். பாவு பிணைப்பது பற்றி எழுதிய இடத்தில், “இழை முறுக்கறப்ப சாம்பல் தொட்டுக்கறத எழுதலியே” என்று குறை சொன்னார். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“சரிடா. நம்ம பேருக்குப் பின்னாடி முதலியார்னு போடறோமே. அது இன்னா? பேரா, பட்டமா?”

சிலோனில் வெள்ளைக்காரன் முதலியார் என்று பதவியே கொடுத்து, அதற்கு உடுப்பும் வாளும் கொடுத்து, யார் எங்கே உட்காரலாம் என்றுகூட விதி வைத்திருந்தான் என்றேன். அப்பா கண்ணைத் திறந்தார்.

அடுத்த வாரம் கொழும்பு.

(தொடரும்)